பதினொன்றாம் நாள்

காலண்டரில் ஒட்டி வைத்திருக்கிறேன் அதை,
செலோடேப்புக்கு அடியில்,
மூன்றாம் தேதிக் கட்டத்தில்.
பக்கத்துக் கட்டத்தில் கேஸ் வாங்கிய நாள்.
அதற்கும் கீழே சஷ்டி.
நசுங்கிய எள்ளு மாதிரி இருக்கிறது.
கண்ணாடி போட்டால் எட்டுக் காலும் எண்ணலாம்.

‘கருமம், தூக்கிப் போடு’ என்கிறார் வீட்டுக்காரர்.
சாப்பிடும்போது அதற்கு முதுகு காட்டி உட்காருகிறார்.

பகாவ் ரோட்டில், ஆலைக்கு அந்தப் பக்கம்,
பதினேழாம் நிரை.
புல் வெட்ட ஆள் இல்லையென்று
கம்பெனி மாடு விட்டது.
மாடு புல்லைத் தின்றது.
மாட்டை இது தின்றது.
மாட்டை ஓட்டிப் போன பிறகு
உதிரிப் பழம் பொறுக்க நான் குனிந்தேன்.

மலாய்க்காரர்கள் இதைக் குத்து என்பார்கள்.
தமிழில் குத்தினால் தெரிய வேண்டும்.
இது தெரியவே இல்லை.
கொசுவாவது பாடிவிட்டு வரும்.
அட்டையாவது ரத்தத்தை வழியவிட்டுத்
தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.
இது இடம் பார்த்து, அவசரமில்லாமல்,
பாவாடை நாடா இறுகும் மடிப்பில்
குடித்தனம் வைத்துவிட்டது.

ராத்திரி குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது.
மரு என்று நினைத்தேன்.
மருவுக்குக் கால் இருக்குமா?

அவர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வந்தார்.
வேண்டாம் என்றேன்.
சுட்டால், சாகும் முன்
வயிற்றில் உள்ளதை நமக்குள் கக்கிவிட்டுத்தான் சாகும்.
வங்காளதேசத்து ரொஃபிக் சொன்னது,
அவன் மாட்டுக்காரன் மகன்.
செம்பனை முள் பிடுங்க அவன் தந்த சாமணத்தால்
தோலோடு ஒட்டிப் பிடித்து
திருகாமல், நேராக, மெள்ள.
கைப்பேசி வெளிச்சத்தை அவர் பிடித்திருந்தார்.
கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்.
அந்த இடத்தை அவர் வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான்.
கை நடுங்கியது அவருக்கு.

சங்கத்துக் கூட்டத்தில்
முதலாளியை உண்ணி என்று திட்டுவார்கள்.
கை தட்டியிருக்கிறேன்.
இனி தட்ட மாட்டேன்.
உண்ணி, வயிறு நிறைந்தால்
தானாக விழுந்துவிடும்.

பிலோமினாவுக்கு ஆறு நாள் காய்ச்சல்.
டிங்கி என்று ரத்தம் எடுத்தார்கள், இல்லை.
பனடோல் கொடுத்தார்கள்.
மறுபடி எடுத்தார்கள், மறுபடி இல்லை.
எங்கேயாவது கடித்ததா என்று கேட்டிருந்தாலும்
இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.
அவளுக்குத் தெரியாதே.
குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி.
இடது மார்புக்கு அடியில்
பாடியின் பட்டை அழுந்தும் இடத்தில்
சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு.
டாக்டர் சின்னப் பையன்,
சட்டையைத் தூக்கச் சொல்லக் கூச்சம்.
அவளுக்கு அவனைவிடக் கூச்சம்.
இரண்டு கூச்சத்துக்கும் நடுவில்
அது சௌகரியமாக இருந்துவிட்டது.
பவுடர் போட்டு மறைத்தோம்.
யாரிடமிருந்து என்று இன்னும் தெரியவில்லை.

அதனால்தான் தேதி.
அதனால்தான் தினமும் வேலை முடிந்து
எடைமேடைக்குப் பின்னால் நாங்கள் நாலு பேர்
ஒருத்தியை ஒருத்தி திருப்பிப் பார்க்கிறோம்.
காதுக்குப் பின்னால், அக்குளில், தொப்புளுக்குள்.
புஷ்பலீலாவுக்கு விரல் படும் முன்னே சிரிப்பு வந்துவிடும்.
மண்டோர் அந்தப் பக்கம் வராமல்
இருமிக்கொண்டே போகிறான்.

இரண்டு வாரம் கவனி என்றாள் மிஸ்ஸி.
காய்ச்சல் வந்தால் காலண்டரோடு வா என்றாள்.
கண்ணாடி முன் நின்று பழகுகிறேன்
மலாயில் அந்த ஒரு வாக்கியத்தை:
டாக்டர், நீங்கள் கேட்கும் முன்னே காட்டுகிறேன், பாருங்கள்.
நாடாவைத் தளர்த்தவும் பழகுகிறேன்.

இன்று பதினான்கு.
காலையில் தலை லேசாகக் கனத்தது.
தூக்கம் போதவில்லை போலிருக்கிறது.
ரோட்டில் லோரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான்.
பூட்ஸைத் தலைகீழாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு,
இன்னும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு,
மாட்டிக்கொள்கிறேன்.